வலது பக்கம் போன தழும்பு

உண்ணாவிரதப் படம் ஒன்றுக்கு நாற்பது நாள் சோறு போட்டவன் நான். சிரிக்காதீர்கள். சிறைக்குள் கைதிகள் பட்டினி கிடந்து சாகிற அந்தப் படத்துக்காகத் தினமும் நூறு பேர் மூன்று வேளையும் வயிறு முட்டச் சாப்பிட்டார்கள். ஒரே ஒருவன் மட்டும் சாப்பிடவில்லை. அவன் யாரென்று அந்தப் படத்தில் எங்கும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

படம் தியேட்டருக்கு வந்தது, ஒரு வாரத்தில் போனது. எங்கள் சங்கரன்கோவிலில் நான் பார்த்த காட்சியில் என்னையும் டிக்கெட் கிழித்தவரையும் சேர்த்து ஒன்பது பேர். அத்தோடு தொலைந்தது என்று நினைத்தேன். இப்போது வீட்டு டிவியிலேயே பார்க்கிற மாதிரி வெளியிட்டுவிட்டார்கள். போதாதென்று, படம் எடுத்த கதை என்று சொல்லி, முக்கால் மணி நேரம் தங்களைத் தாங்களே மெச்சிக்கொள்கிற தனிப்படம் ஒன்றையும் கூடவே ஒட்டியிருக்கிறார்கள்.

தியேட்டரில் படம் ஓடிக்கொண்டே இருக்கும், யாரும் நிறுத்த முடியாது. வீட்டிலோ ரிமோட் நம் கையில் இருக்கிறது. அப்படி நிறுத்தி நிறுத்திப் பார்த்த யாரோ ஒரு பையன் கண்டுபிடித்துவிட்டான். கதாநாயகனின் விலாவில் இருக்கிற தழும்பு, கிட்டத்தில் காட்டும்போது இடது பக்கம் இருக்கிறது. எட்ட இருந்து காட்டும்போது வலது பக்கம் போய்விடுகிறது. அதை வட்டம் போட்டு ஊரெல்லாம் செல்போனில் அனுப்பிச் சிரிக்கிறார்கள்.

முருகன் என்று ஒருவன், என்னிடம் கரண்டி பிடித்தவன், இப்போது சினிமா யூனிட்டில் மாஸ்டராக இருக்கிறான். லீவில் ஊருக்கு வந்தவன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"அண்ணாச்சி, நீங்க வேல பாத்த படந்தான இது? தழும்பு நடந்து போகுதுன்னு ஊரே சிரிக்கி."

"தழும்பு நடக்கலடே. ஒடம்பு ரெண்டு."

"ரெண்டா? கதாநாயகன்தான் நாப்பது நாளு கெடந்தாருன்னு சொல்லுதாவ!"

"சொல்லுவானுவ. நீயும் கேட்டுக்கிட்டு இரு."

இந்தக் காலத்து மாஸ்டர்களுக்கு என்ன தெரியும்? தராசு வைத்து நடிகருக்குக் கோழி நிறுத்துப் போடுகிறார்கள். வெள்ளைக் குல்லாய் மாட்டிக்கொண்டால் சமையல்காரன் ஆகிவிடலாம் என்று எவனோ சொல்லிக்கொடுத்திருக்கிறான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ராயகிரியில் ஒரு கல்யாண வீட்டுக்கு வெங்காயம் உரிக்கப் போனேன், அங்கிருந்து சமையல் கோஷ்டியோடு சென்னை போனேன், யூனிட் மெஸ்ஸில் அண்டா தேய்த்தேன், பத்து வருஷத்தில் மாஸ்டர் ஆனேன். மலைமேல் லாரி ஏறாமல் நின்றுபோன ஒரு நாளில், ஒரு மூட்டைக் கேழ்வரகும் வெல்லமும் வைத்து எண்பது பேரைக் குளிரில் காப்பாற்றியவன் நான். என் பந்தியில் உட்கார்ந்தவன் பசியோடு எழுந்தான் என்று எவனாவது சொல்லட்டும், அன்றைக்கே கரண்டியைக் கீழே போட்டுவிடுகிறேன் என்று முப்பது வருஷம் சவால் விட்டிருக்கிறேன். ஒருவனும் வாய் திறக்கவில்லை. இந்தப் படம் வரைக்கும்.

படப்பிடிப்பு பனவடலிசத்திரம் பக்கம், மூடிக் கிடந்த ஒரு பஞ்சு மில்லில். அதைத்தான் ஜெயிலாக மாற்றியிருந்தார்கள். ஆடி மாதம். எங்கள் ஊர்க் காற்றைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மேற்கே மலை இடுக்கில் புறப்பட்டு வருகிற காற்று, அடுப்புத் தீயைப் படுக்கவைத்துவிடும். மேற்கே அடுப்புப் போட்டால் தாளிக்கிற வாசனை நேரே ஜெயிலுக்குள் போகும். அங்கே இருபது பேர் பட்டினி கிடப்பதுபோல நடிக்க வேண்டும். கடுகு வெடித்தால் இருபது மூக்கும் ஒன்றாகத் திரும்பியது. முதல் நாளே டைரக்டர் கத்தினார்.

அப்போது நான் செய்தது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அடுப்பைக் கிழக்கு மதிலுக்கு வெளியே மாற்றினேன். வெங்காயத்தை எண்ணெயில் வதக்காமல் குழம்போடு வேகவிட்டேன். தாளிப்பு மொத்தத்தையும் விடியுமுன் முடித்து, மூடி போட்டு, ஈரச்சாக்கு சுற்றி வைத்தேன். ரசத்தைக் கொதிக்கவே விடவில்லை. வாசனை வராமல் நூறு பேருக்குச் சமைத்தவன் இந்தியாவிலேயே நான் ஒருவன்தான். இதை ஒரு வரி அந்தத் தனிப்படத்தில் போட்டார்களா? கேமராவுக்கு யார் கண்ணாடி துடைத்தான் என்றுகூடப் போட்டிருக்கிறார்கள்.

கதாநாயகன் கதைக்கு வருகிறேன். உண்மையாகவே பட்டினி கிடந்து நடிக்கப் போவதாகப் பேப்பருக்கெல்லாம் சொல்லிவிட்டுத்தான் வந்தார். மூன்றாம் நாள் தலை சுற்றுகிறது என்றார். நான்காம் நாள் அவருடைய சொந்தச் சமையல்காரன் வந்து கேரவனில் இறங்கினான். ஐந்தாம் நாள் கேரவனுக்குப் பின்னால் ஒரு தெருநாய் கோழி எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தது. அதற்குமேல் எனக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மானிட்டரில் பார்த்த டைரக்டருக்கு விலா எலும்பு தெரியவில்லை. எப்படித் தெரியும்? அதனால் ஒல்லியான ஆள் தேடினார்கள். முகத்துக்குக் கதாநாயகன், நெஞ்சுக்கும் முதுகுக்கும் கைகாலுக்கும் வேறொருவன். சங்கரன்கோவில் விசைத்தறிச் செட் ஒன்றிலிருந்து வேலுச்சாமியைக் கூட்டி வந்தார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். சட்டையைக் கழற்றினால் எலும்பை எண்ணிவிடலாம். இடது விலாவில் ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு. தறியில் நூலோடு குறுக்கே ஓடுகிற, முனையில் இரும்பு வைத்த நாடாக் கட்டை தெறித்து அடித்த தழும்பு அது. டைரக்டர் அதைப் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தார். "ஜெயில்ல அடிபட்ட தழும்பு! மறைக்காதீங்க!" என்றார்.

வேலுச்சாமி கேட்டது ஒன்றே ஒன்று.

"படம் முடியயில எம்பேரு போடுவியளா?"

"போட்டுடலாம் தம்பி" என்றார் மேனேஜர்.

மேனேஜர் போன பிறகு நான் வேலுச்சாமியிடம் கேட்டேன். "பேரு வந்து என்னவே ஆகப்போவுது?"

"நான் நெய்யுத துணி எங்கெங்கயோ போவுது அண்ணாச்சி. யாரு நெய்தான்னு ஒரு பயலுக்கும் தெரியாது. ஒரு எடத்துலயாவது எம்பேரு நிக்கட்டுமே."

மேனேஜரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெள்ளைச் சட்டையில் ஒரு கறை இருக்காது. வாயில் எப்போதும் ஏலக்காய். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் "பண்ணிடலாம்" என்பார். முடியாது என்ற சொல்லே அவரிடம் கிடையாது, அதேபோல எதையும் தாளில் எழுதித் தருகிற வழக்கமும் கிடையாது. நல்ல செய்தி என்றால் எட்ட நின்றே சொல்லிவிட்டுப் போவார். கெட்ட காரியம் என்றால் கிட்டே வந்து தோளில் கை போடுவார். அவர் கை தூக்குகிறார் என்றாலே நான் அண்டாவுக்கு அந்தப் பக்கம் போய்விடுவேன்.

அன்று விழுந்தது.

"மாஸ்டர், அந்தத் தறிக்காரத் தம்பிக்கு நாளையிலிருந்து உங்க பந்தியில இலை வேண்டாம். காலையில மோர், சாயங்காலம் ஒரு இளநீர். நாளுக்கு நாள் இளைக்கிற மாதிரி எடுக்கணுமாம்."

"எத்தன நாளைக்கி?"

"பதினாறு நாள்தான். பண்ணிடலாம்."

நான் மறுத்துவிட்டேன் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். என்னைத் தெரிந்தவர்கள் நிச்சயமாக நம்புவார்கள். ஆனால் நான் மறுக்கவில்லை. வேலுச்சாமியே சம்மதித்துவிட்டானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மோரைக் கொஞ்சம் கெட்டியாகக் கலக்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் மேனேஜர் தம்ளரைச் சாய்த்துப் பார்த்தார். "என்ன மாஸ்டர், மோர் இவ்வளவு கனமா இருக்கு?" என்றார். அவ்வளவுதான். அதன்பிறகு தண்ணீர்தான், மோர் என்பது பேருக்கு.

படத்தில் ஒரு காட்சி. பட்டினியை உடைப்பதற்காக ஜெயில் அதிகாரி கைதியின் முன்னால் கறிச்சோற்றுத் தட்டை வைப்பார். கைதியின் கை அதை மெதுவாகத் தள்ளிவிடும். அந்தத் தட்டுக்குச் சமைத்தவன் நான். கூட நடிக்கிறவர்கள் எடுத்துத் தின்றுவிடக் கூடாது என்று, காட்சிக்கு வைக்கிற சாப்பாட்டில் சீமெண்ணெய் தெளிப்பது சினிமாவில் வழக்கம். தெளிக்கச் சொன்னார்கள்.

"அன்னத்துல சீமெண்ண ஊத்துத வேலய எனக்கு யாரும் படிச்சுக் குடுக்கல. காவலுக்கு வேணும்னா நானே நிக்கேன்" என்றேன்.

நின்றேன். அதனால்தான் பார்த்தேன். பதினோரு தடவை எடுத்தார்கள். பதினோரு தடவையும் கறிச்சோறு ஆவி பறக்க வேலுச்சாமியின் முகத்துக்குக் கீழே வந்தது. முகம் படத்தில் கிடையாது, கை மட்டும்தான். கடைசித் தடவை அந்தக் கை தட்டைத் தொட்டதும் வெடவெடவென்று நடுங்கியது. "பிரமாதம்! என்ன நடிப்பு!" என்று டைரக்டர் கைதட்டினார். நடிப்பாம். ஒன்பது நாளாக மோர்த்தண்ணி குடிக்கிறவனுடைய கை பிறகு எப்படி இருக்கும்?

ஒரு நாள் காலை மோரை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, பகல் முழுக்க நான் அந்தப் பக்கமே போகவில்லை. சாயங்காலம் இளநீர் கொண்டுபோனபோது வேலுச்சாமி சுவரில் சாய்ந்தபடி சிரித்தான்.

"இன்னைக்கு கத்தரிக்காயா அண்ணாச்சி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவ்வளவு மூடியும் சாக்கும் வீணா? "வாசன வந்துட்டா?"

"வாசன வரல. நீங்க வரல. கத்தரிக்கான்னா எனக்கு உசுருன்னு ஒங்களுக்குத் தெரியும்லா. மூஞ்சியக் காட்ட முடியாம ஒளிஞ்சிட்டிய."

பதினாறாம் நாள் கடைசிக் காட்சி எடுத்து முடித்தார்கள். இனி அவனுக்குத் தடை இல்லை என்று மேனேஜர் எட்ட நின்றே சொன்னார். பதினாறு நாள் என் பந்தியில் ஒருவன் பசியோடு இருந்தான் அல்லவா, அந்தக் கடனை ஒரே வேளையில் தீர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். எங்கள் ஊர்ப் பிரியாணி. சீரகச் சம்பா, இளங்கறி, தலைவாழை இலை. யூனிட் மொத்தமும் சுற்றி நின்றது. அவன் முதல் கவளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தின்றான். இரண்டாம் தடவை வைத்தேன்.

"போதும் அண்ணாச்சி. நெஞ்சு அடைக்கி."

"என்னவே போதும்? கொக்கு மாதிரி கொத்துதீரு! என் பந்தியில போதும்னு சொன்னா எனக்கு மரியாதையா?"

மூன்றாம் தடவையும் வைத்தேன். கத்தரிக்காய் கொத்சும் ஊற்றினேன். எல்லாரும் கைதட்டினார்கள். என் சமையல் வாழ்க்கையிலேயே பெரிய கைதட்டல் அதுதான்.

மறுநாள் மத்தியானம் அவன் கால் இரண்டும் வீங்கிவிட்டன. மூச்சு வாங்கியது. கையைப் பிடித்தால் நாடி பழுதான தறி ஓடுகிற மாதிரி தாறுமாறாக அடித்தது. பாத்திரம் ஏற்றுகிற வேனில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவன் பெண்டாட்டி ராமலட்சுமி எந்த நோய்க்கும் எங்கள் ஊரில் பூசுகிற கோவில் புற்றுமண்ணைக் கையில் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். டாக்டர் ஒரு சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"யாரு சாப்பாடு போட்டது?"

"நான்தான்ம்மா" என்றேன், பெருமையாகவே. பட்டினி போட்டவன் வேறு ஆள், சோறு போட்டவன் நான் என்ற எண்ணம்.

"பதினாறு நாள் பட்டினி கிடந்த உடம்பு இது. கஞ்சித்தண்ணி ரெண்டு ஸ்பூன்ல ஆரம்பிச்சு, ஒரு வாரம் கழிச்சுத்தான் சோத்தைக் காட்டணும். ஒரேயடியா கொட்டினா ரத்தத்துல இருக்கிற சத்தெல்லாம் தாறுமாறாகி இதயமே நின்னுரும். பட்டினியிலகூட இவரு சாகலை. உங்க விருந்துல செத்திருப்பாரு."

முப்பது வருஷம் சோறு போட்டவனுக்கு, பசித்தவனுக்கு எப்படிப் போடுவது என்று தெரியவில்லை. அதையும் என்னிடம் சொன்னது இருபத்தேழு வயதுப் பெண். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். நான்கு நாள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கிடந்தேன். அவன் தூங்கும்போது வேறென்ன செய்வது, ஏறி இறங்குகிற விலாவையே பார்த்துக்கொண்டிருப்பேன். பிழைத்துக்கொண்டான்.

தழும்பு நடந்த கதை இந்த நான்கு நாளில்தான். எட்ட இருந்து எடுக்கிற காட்சிகளில் கதாநாயகன் சட்டையில்லாமல் நிற்க வேண்டும். அதனால் அவர் விலாவிலும் அதே தழும்பை வரைய வேண்டும். பார்த்து வரைவதற்கு வேலுச்சாமி அங்கே இல்லை. மேக்கப்காரரிடம் இருந்தது ஒரே ஒரு போட்டோ. சட்டையில்லாமல் மேக்கப்புக்கு உட்கார்ந்தபோது, வேலுச்சாமி தன்னையும் மேக்கப்காரரையும் சேர்த்துத் தானே செல்போனில் எடுத்த போட்டோ. கண்ணாடியில் தெரிவது போல அதில் இடம் வலமாகத் தெரியும். அதைப் பார்த்து வரைந்தார், வலது பக்கம் வரைந்தார். அத்தனை படித்தவர்கள் மானிட்டரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள், ஒருவருக்கும் உறைக்கவில்லை. என் பிரியாணி இல்லையென்றால் அந்தத் தழும்பு இடத்தைவிட்டு நகர்ந்திருக்காது.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் மேனேஜரின் கை என் தோளில் விழுந்தது.

"மாஸ்டர், தம்பி பேரைப் போட்டா, இவரு யாரு, என்ன பண்ணாருன்னு கேட்பாங்க. ஆஸ்பத்திரி விஷயமும் வெளிய வரும். பிரியாணி போட்டது யாருன்னும் வரும். எதுக்கு? விட்டுடலாம்."

நான் யாருக்கும் பயப்படாதவன் என்று ஊரில் பேர். அன்று பயந்தேன். "சரி" என்றேன். வேலுச்சாமியின் பேர் போனது அந்த ஒரு சொல்லில்தான்.

அத்தோடு விட்டார்களா? மறுநாள் என் அடுப்படிக்கே கேமரா வந்தது, அந்தத் தனிப்படத்துக்காக. கதாநாயகன் பட்டினி கிடந்ததை நான் பார்த்ததாக இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார் மேனேஜர். பேசினேன். "நாற்பது நாள் சார் ஒரு பருக்கை தொடல, என் கண்ணால பார்த்தேன்" என்றேன். அதுவரைக்கும்தான் சொல்லச் சொன்னார்கள். கேமரா இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததா, எனக்கு நாக்கு நிற்கவில்லை. "அவரு விலா எலும்பை ஒண்ணு ஒண்ணா எண்ணியே பார்த்தேன் சார்" என்று நானாகவே சேர்த்துச் சொன்னேன்.

அதன்பிறகு நான் எந்த யூனிட்டுக்கும் போகவில்லை. வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை முருகன் என் வீட்டு டிவியில் படத்தைப் போட்டான். தறிச் செட்டுக்கு லீவு என்பதால் வேலுச்சாமியும் ராமலட்சுமியும் வந்திருந்தார்கள். பேரைப் பற்றி அவனிடம் நான் இதுவரை மூச்சு விட்டதில்லை. தியேட்டரில் பேர்கள் ஓடிய வேகத்தில் தன் பேரைத் தவறவிட்டுவிட்டதாகத்தான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான். ரிமோட்டை அவனே வாங்கி வைத்துக்கொண்டான். விலா வந்ததும் நிறுத்தினான்.

"ஏட்டி, இது யாரு சொல்லு."

"எடப்பக்கம். இது நீரு" என்றாள் ராமலட்சுமி. அடுத்த காட்சியில், "இது அந்த ஆளு. தொந்தியப் பாரும், பட்டினி கெடந்தாராம்லா!"

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன்.

படம் முடிந்து பேர்கள் வந்தன. வேலுச்சாமி ஒவ்வொரு வரியாக நிறுத்தி வாசித்தான். சமையல் என்று போட்டு என் பேர் வந்தது. "அண்ணாச்சி, ஒங்க பேரு!" என்று சந்தோஷப்பட்டான். கடைசி வரைக்கும் போனான். திரும்ப முதலிலிருந்து வந்தான். மூன்றாம் தடவை முருகன்தான் சொன்னான்: "இல்ல வே. போடல."

நான் எழுந்து டிவியை அணைத்திருக்க வேண்டும். அதற்குள் அந்தத் தனிப்படம் தானாகவே ஓட ஆரம்பித்துவிட்டது. கரண்டியும் கையுமாக என் முகம் வந்தது. சொன்னதையெல்லாம் சொன்னேன், எலும்பு எண்ணியது வரைக்கும். வேலுச்சாமி ரிமோட்டை அழுத்தினான். என் வாய் திறந்தபடி நின்றது.

பிறகு அவன், "நல்லா தெளிவா விழுந்திருக்கிய அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு, சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு எழுந்தான்.

ராமலட்சுமி வாசலில் நின்று திரும்பினாள். "ஒண்ணு ஒண்ணா எண்ணுனியளாம்லா, எத்தன இருந்துச்சு?"

அன்று ரிமோட்டைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். இன்று சொல்கிறேன்மா. எண்ணினது நிஜம்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில், நான்கு நாளும் எண்ணினேன். வெளியே தெரிந்தது பக்கத்துக்கு ஒன்பது. தழும்பு இருந்தது இடது பக்கம், மேலிருந்து ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவில். அந்தப் படத்தில் பட்டினி கிடந்தவர் வேலுச்சாமி, விசைத்தறித் தொழிலாளி, சங்கரன்கோவில்.